ஏழு நிமிடங்களும் எமது காதுகளும்

சென்ற மாரிகாலத்தில் பீலெஃபெல்டில் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். பதினைந்து பேர் வரை இருக்கும். புத்தகம் ஒன்றைப் பற்றிய கதை முடிந்து, கொத்துரொட்டியும் முடிந்து, இனி வழமைபோல யாராவது பழைய சினிமாப் பாட்டொன்றைத் தொடங்குவார்கள் என்ற கட்டம். பாடுகிறவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. அந்த இடைவெளியில் நான் ஒரு பாட்டைப் போட்டேன். மூன்று நிமிடத்துப் பாட்டு. முதலாவது நிமிடம் முடியுமுன்பே ஒரு அண்ணர் எழும்பி, "தம்பி, உதை நிப்பாட்டும். செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்திக் கொண்டிருக்கிறது.

பிறகு இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒரு காலத்தில் எம்மோடு துண்டுப்பிரசுரம் அடித்த தோழர் ஒருவர், "பம்பாய்ப் பணக்காரப் பெட்டையின்ர விளையாட்டு. உதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன், நல்ல பிள்ளை, நிறைய இசை கேட்கிறவன், என்னைத் தேற்றுவதுபோல் சொன்னான்: "அங்கிள், இவவின்ர ‘ஸ்பேஸ் டோக்’ எனக்குத் தெரியும். அதுதான் சாமான். இது சும்மா தொடக்கத்தில செய்து பாத்தது."

இந்த மூன்று பேருக்கும் அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வாயால் சொல்லி வெல்ல எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாடகியின் பெயர் ஆஷா புத்லி. பம்பாய்க்காரி. சிறுவயதிலிருந்தே ஹிந்துஸ்தானி சங்கீதமும் மேற்கத்தைய ஒப்பெராப் பாடலும் ஒருங்கே பயின்றவர். அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் ஜாஸ் பாடிக்கொண்டு திரிந்த இந்த இளம்பெண்ணைப் பற்றி வேத் மேத்தா 1970இல் வெளிவந்த தனது இந்தியா பற்றிய நூலில் எழுதினார். விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்திருக்கிறார். நடனத்துக்கான உதவிப்பணம் ஒன்றுடன் மார்த்தா கிரஹாமிடம் பயில நியூயோர்க் போனார். அங்கே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஜோன் ஹாமண்டின் காதில் விழுந்தார். ஹாமண்ட் சாதாரண ஆளில்லை. பில்லி ஹொலிடேயை முதன்முதல் ஒலிப்பதிவு செய்வித்தவர், பொப் டிலனை ஒப்பந்தம் செய்தவர். அவர் வழியாக ஓர்னெற் கோல்மனின் ஒலிப்பதிவு அறைக்குள் போனார் ஆஷா. 1971இல் பதிவாகி 1972இல் வெளிவந்த ‘சயன்ஸ் ஃபிக்ஷன்’ என்ற இசைத்தட்டில் இரண்டு பாட்டுகள் அவருடையவை. ‘வட் றீசன் குட் ஐ கிவ்’ ஒன்று, ‘ஓல் மை லைஃப்’ மற்றது. இரண்டையும் சேர்த்தால் ஏழு நிமிடம். நான் போட்டது முதலாவதை.

கோல்மனைப் பற்றி ஒரு சொல். டெக்சாசில் பிறந்த கறுப்பர். 1949ஆம் ஆண்டளவில் லூசியானாவில் ஒரு நடனக் கொட்டகையில் இவர் வாசித்தது பிடிக்காமல் இவரை வெளியே இழுத்து அடித்து, சாக்ஸபோனையும் உடைத்தெறிந்தார்கள். 1959இல் நியூயோர்க் வந்து வாசித்தபோது ஊர் இரண்டுபட்டது. "உதை நிப்பாட்டும்" என்ற குரலை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். எங்கள் அண்ணர் அந்த வகையில் ஒரு நீண்ட மரபில்தான் நிற்கிறார்.

இனி அந்த ஏழு நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது?

கோல்மனின் குழுவில் பியானோ இல்லை. சாதாரண ஜாஸ் பாட்டில் பாடகிக்குக் கீழே பியானோ ஒரு தரை போட்டுக் கொடுக்கும். இந்த இடத்தில் இந்த ஸ்வரக்கூட்டு, அடுத்ததில் அது என்று வழிகாட்டும். பாடகி அதன்மேல் நடக்கலாம், துள்ளலாம், விழுந்தாலும் தரையில்தான் விழுவார். இங்கே தரையே இல்லை. இரண்டு பேர் ஒருமிக்க மேளம் அடிக்கிறார்கள், பில்லி ஹிக்கின்ஸும் எட் பிளாக்வெல்லும். கீழே சார்லி ஹேடனின் பாஸ். மேலே கோல்மனும் டூயி றெட்மனும் சாக்ஸபோனில், இன்னும் இருவர் ட்றம்பெற்றில். அந்த ஊதுகுழல்களெல்லாம் பாடகியோடு சேர்ந்தே நகர்கின்றன. ஆனால் சேர்ந்தும் சேராமலும். ஒரே மெட்டைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு மயிரிழை விலகி. மார்கழித் திருவெம்பாவைக்குக் கோயிலில் ஊர்ச்சனம் கூடிப் பாடும்போது கேட்டிருப்பீர்கள். ஒரே பாட்டு, ஐம்பது சுருதி, ஆனாலும் அது ஒரே குரல். அதற்குக் கிட்டவான ஒரு சங்கதி இது.

இப்போது எமது சங்கீதக்காரர்கள் சொல்லுவார்கள், எங்களிடமும் ஸ்வரக்கூட்டு இல்லைத்தானே, இதிலென்ன பெரிய வித்தை என்று. உண்மை. ஆனால் எங்களுக்குத் தம்புரா இருக்கிறது. ஆதார சட்சம் காதுக்குள் நிரந்தரமாக ஒலித்துக் கொண்டிருக்கிறது. ஆஷாவுக்கு அதுவும் இல்லை. பியானோவும் போய், தம்புராவும் போய், வெறும் வெளியில் ஒரு நீண்ட ஸ்வரத்தை எடுத்து அதிலே நிற்கவேண்டும். நிற்கிறார். தம்புராவை வெளியே வைக்காமல் உள்ளே வைத்திருக்கிற ஒருவரால்தான் அப்படி நிற்க முடியும் என்பது எனது எண்ணம். அந்தப் பாட்டுகளில் ராகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கமகம் என்று தனியே காட்டவும் ஒன்றுமில்லை. அதனால்தான் அவை பெரியவை. "இந்தியத்தன்மை" கேட்டு வந்த வெள்ளைக்காரக் காதுக்கும் சிதார் கிடைக்காது, "எங்கள் பண்பாடு" கேட்டு வந்த எமது காதுக்கும் தோடி கிடைக்காது. ஒரு பெண் தான் படித்ததை எல்லாம் அடியில் புதைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று பாடுகிறாள்.

அண்ணர் செத்தவீடு என்றார். பிழையில்லை. ஒப்பாரிக்கும் தம்புரா கிடையாது. ஒப்பாரி வைக்கிற கிழவிகளும் ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் சேராமலும்தான் பாடினார்கள். அண்ணருக்குக் காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்டதைப் பொறுக்க முடியாமல்தான் எழும்பினார்.

இந்த இசைத்தட்டு என்னிடம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். பீலெஃபெல்டுக்கு அனுப்பினார்கள். நகர எல்லையைத் தாண்டுவதானால் கடிதம் வேண்டும். ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் நின்று கழுவிய டொச்சுக்கார மாணவன் ஒருநாள், "இன்றிரவு பங்கருக்கு வாறியா?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தக் கிழமைதான் அம்மாவின் கடிதம் வந்திருந்தது, முற்றத்து மாமரத்தடியில் பங்கர் வெட்டி மேலே பனங்குத்தி அடுக்கியாயிற்று என்று.

அவன் கூட்டிப் போனது ‘புங்கர் உல்மென்வால்’ என்ற இடம். யுத்தகாலத்தில் நிலத்துக்கடியில் கட்டிய உண்மையான பங்கர்தான். 1944 செப்ரெம்பர் 30ஆம் திகதி குண்டுவீச்சில் இந்த நகரத்தின் பழைய பகுதி எரிந்து போனது. யுத்தம் முடிந்து ஐம்பதுகளில் இளைஞர்கள் அந்தப் பங்கருக்குள் இறங்கி ஜாஸ் வாசிக்கத் தொடங்கினார்கள். இன்றும் ஜாஸ் என்றால் இந்த நகரத்தில் அந்த இடந்தான் ஞாபகத்துக்கு வரும். படியிறங்கிப் போனால் தாழ்ந்த கூரை, தடித்த கொங்கிரீட், மூச்சு முட்டும். அன்று அங்கே ஒரு பெண் சொற்களே இல்லாமல் ஒரு மணித்தியாலம் பாடினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எழும்பி வரவும் முடியவில்லை. ஊரில் பங்கருக்குள் இருக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள், மேலே இரைச்சல் போகும்வரை. இங்கே பங்கருக்குள் ஒருத்தி வாயைத் திறந்து இருக்கிறாள் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

சில வருடம் கழித்து அதே மாணவன்தான் ‘சயன்ஸ் ஃபிக்ஷன்’ இசைத்தட்டைத் தந்து, "உன்ர நாட்டுக்காரி" என்றான். நான் உடனே, "நான் இலங்கை, இவ பம்பாய்" என்று பூகோளம் படிப்பித்தேன். இல்லாத நாட்டுக்கு எல்லைக்கோடு போடுவதில் எம்மைப்போல் கெட்டிக்காரர் யார்? (பீலெஃபெல்ட் என்றொரு நகரமே கிடையாது என்று 1994இலிருந்து இங்கே ஒரு பகிடி உலவுகிறது. இல்லாத நகரத்துக்கு அகதியாக வந்தவன் நான்.)

அந்த இளைஞனுக்கு வருகிறேன். ‘ஸ்பேஸ் டோக்’ நல்ல பாட்டு. மறுக்கவில்லை. 1976இல் சிபிஎஸ் வெளியிட்ட ‘த டெவில் இஸ் லூஸ்’ இசைத்தட்டில் உள்ளது. அதைத் தயாரித்த டீற்றர் சிம்மர்மன் ஒரு ஜேர்மனியர். ஆகவே பூகோளப்படி பார்த்தாலும் அது எங்கள் பக்கத்துச் சரக்குத்தான். நியூயோர்க்கில் டேவிட் மன்கூசோவின் ‘லொஃப்ற்’ நடனங்களில் அது ஓடியது. 1997இல் நொற்றோறியஸ் பி.ஐ.ஜி.யின் இசைத்தட்டில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினார்கள். 2022இல் தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்பொன்று மறுபடி வந்தது. எல்லாம் சந்தோசம்.

ஆனால் தம்பி, இந்தக் கணக்கு எப்படிப் போகிறது பார். எது மறுபடி விற்றதோ, எதை வேறொருவர் வெட்டி எடுத்தாரோ, அதுதான் "சாமான்". எதை ஒருவராலும் வெட்டி எடுக்க முடியவில்லையோ அது "சும்மா செய்து பாத்தது". அந்த ஏழு நிமிடத்திலிருந்து நாலு செக்கனை வெட்டி எடுத்து மேளம் பூட்டிப் பார். முடியாது. தாளத்துக்கு அடங்காது, சுருதிக்கு அடங்காது. வெட்டினால் இரத்தம் வரும். சந்தைக்கு அது பயன்படாமல் போனதை அதன் குறையென்று சொல்ல எமக்கு யார் பழக்கினார்கள்? இன்னொன்று: ‘ஸ்பேஸ் டோக்’கில் உனக்குப் பிடித்த அந்த மூச்சு, தரையில் கால் படாமல் மிதக்கிற அந்தக் குரல், எங்கே பழகியதென்று நினைக்கிறாய்? தரை இல்லாத இடத்தில் ஒருமுறை நின்றவர் பிறகு டிஸ்கோவுக்கு வந்தாலும் மிதக்கத்தான் செய்வார். நீ நேசிக்கிறது அந்த ஏழு நிமிடத்தின் வட்டியை. முதல் அங்கே கிடக்கிறது.

வியாபாரிகள் அவரை எப்படி விற்றார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். எழுபதுகளின் இறுதியில் வந்த ஒரு இசைத்தட்டுக்குப் பெயரே ‘லிண்டியானா’, இந்தியக்காரி என்று. கோல்மனின் தட்டில் அவர் இந்தியக்காரியாக வரவில்லை. ஒரு குரலாக வந்தார், மற்ற வாத்தியங்களோடு வாத்தியமாக. அவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அமெரிக்காவில் ஒதுக்கப்பட்ட கறுப்பு இசைஞர்களிடம் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். கறுப்பர் என்றால் மூக்கைச் சுளிக்கிற எமது பெரியமனிதர்கள் இதை விசேடமாக யோசிக்கலாம்.

இவரை மட்டும் ஒரு அதிசயப் பிறவியாக்குவதும் என் நோக்கமல்ல. ஜீன் லீ என்ற கறுப்பினப் பெண் 1961இல் றான் பிளேக்கின் பியானோவோடு பதிவுசெய்தவர், பிறகு ஜேர்மனியரான குன்ரர் ஹம்பெலோடு சேர்ந்து ஐரோப்பாவில் பல வருடம் குரலை உடைத்தும் ஒட்டியும் பார்த்தவர், 2000இல் இறந்தபோது எத்தனை பேருக்குத் தெரிந்தது? எம்மவருக்குக் கொழும்பிலேயே ஒருவர் இருந்தார். யோலண்ட் பவான். கொழும்பில் பிறந்து, பதின்ம வயதிலேயே அவுஸ்திரேலியரான கிரேம் பெல்லின் குழுவோடு ஆசியா எங்கும் பாடி, லண்டன் போய், 1962இல் அனி றொஸ் விலகிய இடத்துக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற மூவர் குழுவில் சேர்ந்தார். லாம்பேட், ஹென்றிக்ஸ், பவான். சாக்ஸபோன்காரர் கற்பனையாக வாசித்ததை ஸ்வரத்துக்கு ஸ்வரம் சொல் போட்டுப் பாடுகிற வித்தை. 1964 வரை நீடித்தது. அதற்குப்பிறகு 1969இல் பீற்றர் ஐவர்ஸின் விசித்திரமான ஒரு இசைத்தட்டில் பாடினார், 1972இல் ‘வெதர் றிப்போர்ட்’ குழுவின் தட்டிலும் அவர் குரல் இருக்கிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தோம் என்று பெருமை பேசுகிற எம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் தெரியாது, நாற்பது வயது தாண்டும்வரை. அவர் "எங்கட ஆள்" இல்லை என்று கணக்கில் விட்டோம். சிங்களவரும் அவரைத் தங்கள் கணக்கில் எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு தீவு தன் குரல்களைத் தொலைக்கிற விதங்களில் இதுவும் ஒன்று.

இனித் தோழரின் கேள்வி. பணக்காரப் பெட்டை. ஓம், வசதியான பம்பாய் வீட்டுப் பிள்ளைதான், ஆங்கிலம் படித்தவர். அதனால்தான் விமானம் ஏற முடிந்தது. ஒத்துக் கொள்கிறேன். ஆனால் தோழர் மார்கழி மாதம் கேட்கிற கீர்த்தனைகளைப் பாடுகிறவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள்? அங்கே வர்க்கம் கேட்காத வாய் இங்கே மட்டும் ஏன் கேட்கிறது? பாடியவள் பெண் என்பதாலும், அடக்கமில்லாமல் பாடினாள் என்பதாலுமே என்று நான் சந்தேகிக்கிறேன்.

எமக்குக் கட்டற்ற இசை தெரியாது என்பதும் பொய். தவில் தட்சணாமூர்த்தி 1975இல் இறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் அவரைப் பற்றிக் கதைத்தால் எங்கள் பெரியவர்களின் கண் கலங்கும். திருவிழா இரவுகளில் மைல்கணக்கில் நடந்துபோய் விடியவிடியக் கேட்டார்கள். என்ன கேட்டார்கள்? எழுதி வைத்த பாட்டையா? தாளத்தின் விளிம்புவரை போய், விழப்போகிறான் விழப்போகிறான் என்று நெஞ்சு அடிக்க, கடைசிக் கணத்தில் சமத்தில் வந்து நிற்கிற அந்த ஆபத்தைத்தான் கேட்டார்கள். அந்தக் காதுக்கு எட் பிளாக்வெல்லின் மேளம் புரியாமல் போக நியாயமில்லை. புரியும். ஆனால் அதே காதுக்காரர்கள்தான் மேளகாரரை வீதியில் வைத்துக் கொண்டாடி வீட்டுத் திண்ணையோடு நிறுத்தினார்கள். சின்னமேளம் ஆடிய பெண்களைக் கோயிலைவிட்டுக் கலைத்தார்கள். அதே ஆட்டம் சென்னையில் குளித்து முழுகி, பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி வந்ததும் பெட்டைகளை வரிசையில் நிறுத்தி அரங்கேற்றம் செய்வித்தார்கள். இசையைக் கேட்க முதல் சாதிச் சான்றிதழ் கேட்கிற காது இது. ஆஷா புத்லியும் நாளைக்கு வேறெங்காவது ஒரு பட்டம் வாங்கி வந்தால் இதே மண்டபங்களில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் ஒரு பழைய இசைத்தட்டுக்காக எழுதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை. ஊரும் பெயரும் வேண்டாம். பன்னிரண்டு வருடம் கர்நாடக சங்கீதம் படித்தாள், மண்டபம் எடுத்து அரங்கேற்றம் நடந்தது, தாலிக்கொடி அடைவு வைத்துச் செலவழித்தார்கள். அதன்பிறகு அவள் ஒரு இசைக்கல்லூரியில் ஜாஸ் குரல் படிக்கப் போனாள். ஒரு சிறிய அரங்கில் அவள் பாடியதை நான் போய்க் கேட்டேன். ஆலாபனைபோலத் தொடங்கி, பாதியில் ராகத்தைக் கைவிட்டு, சொல்லையும் கைவிட்டு, வெறும் மூச்சில் போய் நின்றாள். எனக்கு அந்தப் பங்கர் ஞாபகம் வந்தது. அவளை யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு அழைப்புமேல் அழைப்பு. "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று ஒரு மாமி கேட்டாவாம். பொங்கல் விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடுவதற்கு வழமையாகக் கூப்பிடுகிற ஒரு சங்கம் அந்த வருடம் கூப்பிடவில்லை. தகப்பன் கோபக்காரரில்லை, அழுதார். அது கோபத்தைவிட மோசம். இப்போது அவள் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. பாடுவதில்லை. அடக்கமான பிள்ளை என்று பெயர்.

அண்ணர், அந்தப் பிள்ளையை நிப்பாட்டியதும் அதே சொல்தான். நீங்கள் சொன்னதாக நான் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோமே, அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன். என்னுடைய சிரிப்பும் அதில் இருந்தது.

அம்மா மாமரத்தடிப் பங்கருக்குள் தேவாரம் பாடியதாகப் பின்னர் ஒருமுறை சொன்னா. குண்டு விழுகிற நேரத்தில் பண் எங்கே, தாளம் எங்கே, நடுங்கிக்கொண்டு என்ன வந்ததோ அதைப் பாடினேன் என்றா. அதை ஒருவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. ‘ஓல் மை லைஃப்’ பாட்டின் இறுதியில் ஆஷாவின் குரல் போகிற இடத்தை நான் அதோடு சேர்த்தே கேட்கிறேன். சரியா பிழையா என்று சங்கீதம் படித்தவர்கள் சொல்லட்டும்.

அடுத்த கூட்டம் வைகாசியில், அதே வீட்டில். அண்ணருக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லி வைத்திருக்கிறேன். இம்முறை ஏழு நிமிடமும் போடுவேன், கொத்துரொட்டிக்கு முதல். அந்தப் பெண்பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். "பாக்கிறன் மாமா" என்றிருக்கிறாள்.